'குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க': குடியிலிருந்து மீள உதவும் குழுக்கள் எப்படி இயங்குகின்றன?

குடிப்பவரிடம் குடியின் கெடுதலைப் பற்றிப் புதிதாக யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. மனைவி அழுது சொல்லியிருப்பார். அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருப்பார். டாக்டர் ஈரல் ஸ்கேனைக் காட்டி விளக்கியிருப்பார். வேலை பார்க்கும் இடத்தில் 'இதுதான் கடைசி தடவை' என்று எச்சரித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் உண்மையாகவே தலையாட்டியிருப்பார். அன்று மாலையே மறுபடி குடித்தும் இருப்பார். சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் அவர்மேல் அக்கறை உண்டு. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்க, முதல் வேலையாக பாட்டிலைத் தேடுவது எப்படி இருக்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று அவர் மனதுக்குள் நினைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

அதைத் தெரிந்தவர்கள் கூடும் இடம்தான் உதவிக் குழு. இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அது புரியாததால்தான் நிறையப் பேர் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே புதிதாக வருபவருக்கு மட்டும் உதவி நடப்பதில்லை. பல வருஷம் குடிக்காமல் இருப்பவரும், புதிதாக வருகிறவரை நம்பித்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு இது புரிந்தது என் அண்ணனுடன் முதல்முறை போன அன்று. (கூட்டத்தில் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அங்கே முதல் விதி. அதனால் அண்ணன் எழுதலாம் என்று சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.) கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணன் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, வராத அழைப்புக்காகப் போனைக் காதில் வைத்திருந்தார். தெரிந்தவர் யாராவது உள்ளே போகிறார்களா என்று பார்த்தார். 'நான் அந்த அளவுக்குப் போகலையே' என்றார். அப்புறம், 'இவ்வளவு தூரம் போனவனை உள்ளே விடுவாங்களா' என்றும் அவரேதான் கேட்டார். இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு பக்கம்.

உள்ளே போனபோது வாசலில் நின்றவர் பெயர்கூடக் கேட்கவில்லை. 'வாங்க, உட்காருங்க' என்றார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை. முடிந்து கிளம்பும்போது ஒரு பெரியவர் வந்து ஒரு துண்டுத் தாளில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். 'குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க தம்பி. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. எனக்கும் நல்லது' என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். 'அவருக்கு எதுக்குடா நல்லது?'

அதற்கான பதில் 1935-ல் இருக்கிறது.

அந்த வருஷம் மே மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாக வந்திருந்தார் பில் வில்சன் என்ற நியூயார்க்காரர். பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். குடியால் அந்த வாழ்க்கையைத் தொலைத்தவர். வந்த காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம். அங்கிருந்து பேச்சும் சிரிப்பும் காதில் விழுந்தன. இன்னொரு பக்கம் தொலைபேசி, அதனருகில் ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியல். 1934 டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து அவர் குடித்திருக்கவில்லை. அந்த ஐந்து மாதமும் நியூயார்க்கில் குடிநோயாளிகளைத் தேடித் தேடிப் போய்ப் பேசியிருந்தார். ஒருவர்கூடக் குடியை விடவில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்த அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். அந்த முன்கூடத்தில் அவருக்கு உறைத்தது இதுதான். இப்போது ஒரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும், தான் குடித்துவிடாமல் இருப்பதற்காக.

பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். ஒருவர் மூலம் இன்னொருவர் என்று போய், கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். டாக்டர் பாபும் பல வருஷமாகக் குடியிலிருந்து மீள முடியாமல் தவித்தவர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், பில்லுடன் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். குடியைப் பற்றித் தன் அனுபவத்திலிருந்து தெரிந்து பேசிய முதல் ஆள் பில்தான் என்று பிற்பாடு எழுதினார். பில் அவரைத் திருத்தப் பார்க்கவில்லை. தன் கதையைச் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய தேவை தனக்கு இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சில வாரங்களில் டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் மறுபடி குடித்தார். திரும்பி வந்த கையோடு அவர் செய்ய வேண்டிய ஒரு அறுவை சிகிச்சை காத்திருந்தது. கை நடுக்கத்தை நிறுத்துவதற்காக அன்று காலை பில்லே அவருக்கு ஒரு பீர் கொடுத்தார். அதுதான் கடைசி. 1950-ல் இறக்கும்வரை பாப் குடிக்கவில்லை. அந்தக் கடைசிக் குடியின் தேதியாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) என்ற உதவிக் குழு அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. யோசித்துப் பாருங்கள். தொடங்கிய இருவரில் ஒருவர், பேச்சு ஆரம்பித்த பிறகு சறுக்கியவர். சறுக்கியதும் மற்றவர் அவரை விட்டுப் போய்விடவில்லை.

அந்தப் பீர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. பல மாதம், பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவரின் உடல், திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது, மூன்றாவது நாள் வாக்கில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரையே வாங்கும். ஆகவே காலையிலேயே குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஒருவேளை தவறினாலே கை நடுங்குகிறவர் எல்லோரும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. பி1 விட்டமினும் கொடுப்பார்கள். உதவிக் குழுவால் இதைச் செய்ய முடியாது, செய்வதாக அது சொல்வதும் இல்லை. குழுவின் வேலை, உடல் தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகு இருக்கும் நீண்ட மாலை நேரங்களில்.

குழுவைத் தேடுவது எப்படி? இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் சிகிச்சை மையங்களின் விளம்பரம். அவற்றில் நல்லவையும் உண்டு, ஆனால் நீங்கள் தேடுவது அதை அல்ல. ஏ.ஏ. போன்ற அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்துக்கே நேராகப் போனால் ஊர்வாரியாகக் கூட்ட நேரமும் இடமும், அழைக்க ஓர் எண்ணும் இருக்கும். அழைத்ததும், 'இது உதவிக் குழுவா, சிகிச்சை மையமா?' என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவிலும் மனநல மருத்துவரிடமும் அருகில் உள்ள கூட்டங்களின் விவரம் பெரும்பாலும் கிடைக்கும். கூட்டங்கள் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பவை. பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தால் இரண்டாவது தடவை போகத் தோன்றாது. அதனால் கிளம்பும் முன் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த அழைப்பில் கதை சொல்ல வேண்டியதில்லை. 'குடியை நிறுத்தணும். பக்கத்தில் எங்கே மீட்டிங் இருக்கு?' என்றால் போதும். தனியாக வரத் தயக்கம் என்று சொன்னால், வாசலில் காத்திருந்து கூட்டிப் போக ஒருவர் வருவார். வீட்டார் அழைத்தும் விவரம் கேட்கலாம். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் கடைசியில், 'அவரையே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்' என்பார்.

கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். நான் அண்ணனுடன் உட்கார முடிந்தது அதனால்தான். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். பெண்களுக்கென்று தனிக் கூட்டங்கள் நடக்கின்றன, ஆன்லைன் கூட்டங்களும் நடக்கின்றன. ஆன்லைனில் பெரும்பாலும் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டே கேட்கலாம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அதிகம் உள்ளவர்களுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம் என்பது என் எண்ணம். துண்டுத் தாளில் எண் எழுதிக் கொடுக்க ஒரு கை வேண்டும்.

ஏ.ஏ.வில் சேரக் கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விருப்பம் இருந்தால் போதும். செலவுக்கு ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். புதிதாக வந்தவர் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதும் இல்லை. குடித்துவிட்டு வந்தவரையும் பொதுவாக உட்காரச் சொல்வார்கள், அன்று பேசாமல் கேட்கச் சொல்வார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்? ஒருவர் சிறிது வாசித்துத் தொடங்குவார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் முதல் பெயரை மட்டும் சொல்லிப் பேசுவார்கள். இதைப் பகிர்தல் என்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, பேசி முடித்ததும் புத்தி சொல்வதும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஒருவர் தன் வாழ்க்கையின் மிக மோசமான இரவைச் சொல்லி முடிக்கிறார், 'நன்றி' என்கிறார்கள், அடுத்தவர் தொடங்குகிறார். எனக்கும் முதலில், என்ன இது, ஆறுதலாக ஒரு வார்த்தை கூடவா சொல்லக்கூடாது என்று தோன்றியது. பக்கத்தில் அண்ணனைப் பார்த்தேன். குனிந்த தலையை நிமிர்த்தி, பேசுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் யார் பேசினாலும் தரையைப் பார்க்கிற மனிதர் அவர். புத்தி சொல்லப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில்தான் அவரால் நிமிர முடிந்தது.

அன்று ஒருவர், 'இன்னைக்கு எனக்கு நாலாவது நாள்' என்றார். கைதட்டினார்கள். 19 வருஷம் ஆனவருக்கும் அதே அளவு கைதட்டல்தான். அந்த 19 வருஷக்காரருக்கு நான்காவது நாள்காரர் எதற்குத் தேவை? மறதிதான் காரணம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் போனதும் மனம் பழைய கஷ்டத்தை மெல்ல அழித்துவிடும். 'ஒரே ஒரு தடவை, அளவோடு' என்று ஆரம்பிக்கும். நான்காவது நாளில் இருப்பவரின் நடுங்கும் கையைப் பக்கத்தில் பார்க்கும்போது அந்த மறதி கலைந்துவிடுகிறது. 'எனக்கும் நல்லது' என்று அந்தப் பெரியவர் சொன்னது மரியாதைப் பேச்சில்லை.

கொஞ்ச நாள் போனதும் ஸ்பான்சர் என்று ஒருவரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு முன்னால் இதே பாதையில் வந்தவர், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளைக் கூடவே இருந்து சொல்லித் தருபவர். அவர் மருத்துவரோ கடன் கொடுப்பவரோ அல்ல. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக வருகிறவர் மனம் உடைந்த நிலையில் வருகிறார். அதைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கும் ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள், இங்கேயும் இருக்கலாம். யாராவது நெருக்கம் காட்டினால், பணம் கேட்டால், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அந்தக் கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடுங்கள். மருந்து விஷயத்தில் உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வே சொல்கிறது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கும் போகலாம்.

கடவுள் விஷயம் பலரைத் தடுக்கிறது. 1939-ல் வெளியான ஏ.ஏ.வின் புத்தகத்தில் உள்ள 12 படிகளில் கடவுள் வருகிறார். 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்களும் கூடவே வருகின்றன. நம்பிக்கை இல்லாத பலர் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு தொடர்கிறார்கள். அதுவும் ஒத்துவரவில்லையா, சரி, வேறு வழி இருக்கிறது. எண்ணங்களையும் தூண்டுதல்களையும் கையாளும் உளவியல் பயிற்சிகளை வைத்து நடக்கும் ஸ்மார்ட் ரெகவரி என்ற அமைப்பில் கடவுளும் இல்லை, படிகளும் இல்லை. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துவார், ஒருவர் சொல்வதற்கு மற்றவர் பதிலும் சொல்லலாம். பெண்களுக்காக 1970-களில் தொடங்கிய விமன் ஃபார் சோபரைட்டி என்ற அமைப்பு, குற்ற உணர்வால் ஏற்கெனவே நசுங்கிய பெண்ணுக்குத் தன் மதிப்பைத் திரும்பத் தருவதில் கவனம் வைக்கிறது. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் குழுவே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே அமைப்பின் இரண்டு கூட்டங்கள் இரண்டு வீடுகள் போல வேறு வேறாக இருக்கும். ஐந்தாறு கூட்டமாவது போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா? வெகுகாலம் இதற்குத் தெளிவான பதில் இல்லை. பெயர் சொல்லாமல், பதிவேடு இல்லாமல் வருகிறவர்களை வைத்து ஆய்வு நடத்துவது கஷ்டம். 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பில் 27 ஆய்வுகளும் 10,565 பேரும் சேர்க்கப்பட்டார்கள். ஏ.ஏ.வுக்குப் போகும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் அது சுமார் 35 சதவீதம். ஏழு சதவீத வித்தியாசம் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் ஒப்பிடப்பட்டவை, பயிற்சி பெற்ற நிபுணர்கள் தரும் நல்ல சிகிச்சைகள். கூட்டங்களோ சம்பளம் இல்லாதவர்கள் நடத்துபவை. அதே சமயம் 42-க்கு மறுபக்கம் 58 இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லோருக்கும் இது ஒத்துவராது. எதனால் பலன் தருகிறது என்று ஆராய்ந்தவர்கள் முக்கியமாகச் சொல்வது ஒன்று. குடிப்பவர்கள் சூழ்ந்த வட்டத்திலிருந்து குடிக்காதவர்கள் உள்ள வட்டத்துக்கு மனிதர் இடம் மாறுகிறார். மாலை ஆறு மணிக்கு அழைக்க ஒரு எண், போக ஒரு இடம் கிடைக்கிறது.

சறுக்கல் வரும்போது இது நன்றாகத் தெரியும். அண்ணன் மூன்றாவது மாதம் சறுக்கினார். நாட்களின் கணக்கு மறுபடி ஒன்று என்று ஆனது. குடித்ததைவிட அதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் அவரை வாட்டியது. இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை, அந்த இரண்டு வாரமும் குடித்தார். சறுக்கியவருக்கு ஆபத்து அந்த ஒரு நாள் குடியில் ஓரளவுதான். வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும் நாட்களில்தான் அது பெருகுகிறது. கடைசியில் துண்டுத் தாளில் இருந்த எண்ணை அழைத்தார். பெரியவர், 'நாளைக்கு வாங்க, உங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு' என்றாராம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் குழு உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். குடிப்பவர் கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் வீட்டார் அங்கே போகலாம். பாட்டிலைத் தேடி ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை விழித்திருப்பது என்று நான் செய்துவந்த அத்தனையையும், நானும் அங்கே போன அன்று பார்த்தால், என்னைப் போல் இன்னும் பத்துப் பேர் செய்திருந்தார்கள். அண்ணனுக்கு அவர் கூட்டத்தில் என்ன கிடைத்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இப்போது அண்ணன் அரை மணி நேரம் முன்னதாகவே போய் நாற்காலிகளைப் போடுகிறார். போன மாதம் புதிதாக ஒரு பையன் வந்தான். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரமும் வாய் திறக்காமல் கிளம்பினான். அண்ணன் பின்னாலேயே போய் ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவன் இன்னும் கூப்பிடவில்லை. அண்ணன் ராத்திரியில் போனை சைலண்டில் போடுவதை நிறுத்திவிட்டார்.